கடமைகளுக்கு நடுவே ஒரு குழந்தை

தமக்கென வகுக்கப்பட்ட கடமையை ஒருவர் குறைவறச் செய்து முடிக்கிறார். அதன் பின்னரும் அவரிடம் ஏதேனும் பொறுப்பு எஞ்சியிருக்கிறதா?

அறம் பற்றிச் சிந்தித்தவர்களுள் பலர், 'இல்லை' என்றே விடை கூறுவதுபோலத் தோன்றும். உழவன் உழட்டும், வைத்தியன் நோய் தீர்க்கட்டும், காவலன் காக்கட்டும். ஒருவர் பணியில் மற்றவர் தலையிடாமல் அவரவர் தம் கடமையைச் செய்து வந்தாலே உலகம் சீராக இயங்கும் என்பது நமது மண்ணில் நெடுங்காலமாக வேரூன்றிய எண்ணம். மேலை நாட்டிலும் பிளேட்டோ தமது 'குடியரசு' நூலில், அவரவர் தமக்குரியதைச் செய்வதே நீதி என்ற கருத்தை நிலைநாட்ட முயல்கிறார்.

இந்த எண்ணத்தின் அடியில் வெளிப்படையாகச் சொல்லப்படாத ஒரு நம்பிக்கை இருக்கிறது. பகுதிகள் யாவும் சரியாக இருந்தால் முழுமையும் தானாகவே சரியாக அமைந்துவிடும் என்பதே அது. பெரும்பாலான நாட்களில் அது பொய்ப்பதில்லை. பொய்க்கும் நாட்களில் அதன் விலையைக் கொடுப்பவர்கள் யார் என்பதைச் சற்று ஆராய வேண்டியிருக்கிறது. அதற்கு ஏற்ற இடம் ஒன்று மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ளது.

மழைக்காட்டின் விளிம்பில்

கேரள மாநிலம் பாலக்காடு மாவட்டத்தில், கோயம்புத்தூர் மாவட்ட எல்லையை ஒட்டி அமைந்துள்ளது அட்டப்பாடி. அதன் மேற்கு விளிம்பில் அமைதிப் பள்ளத்தாக்கின் பசுமைமாறா மழைக்காடு. கிழக்கே செல்லச் செல்ல மழை குறைந்து மேடுகள் வறண்டு போகின்றன. அந்த மலைகளின் நீரை ஏந்திவரும் பவானி ஆறு இப்பகுதியின் வழியாகவே தமிழகத்திற்குள் நுழைகிறது. அந்தக் காட்டைக் காக்க வேண்டுமென்று 1970-களின் பிற்பகுதியில் நாடெங்கும் குரல் எழுந்தது. அங்கு எழவிருந்த நீர்மின் திட்டம் கைவிடப்பட்டது. 1984-இல் காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. சிங்கவால் குரங்கின் பெயர் பள்ளிப் பிள்ளைகளுக்கும் பழக்கமாயிற்று. அதே காட்டின் ஓரத்தில் பிறக்கும் மனிதக் குழந்தைகளின் எடை என்ன என்று நாடு கேட்பதற்கு மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின.

அட்டப்பாடியில் இருளர், முடுகர், குறும்பர் என்ற மூன்று பழங்குடியினர் வாழ்கின்றனர். ஏறத்தாழ 190 குடியிருப்புகள்; ஒவ்வொன்றும் 'ஊரு' என்று அழைக்கப்படுகிறது. இவர்களுள் காட்டின் உட்பகுதியில் வாழ்பவர்கள் குறும்பர். நாடெங்கும் 75 சமூகங்களை மிகவும் நலிவடையும் நிலையிலுள்ள பழங்குடிகள் என்று மத்திய அரசு வகைப்படுத்தியுள்ளது. அப்பட்டியலில் கேரளத்துக் குறும்பரும் உண்டு. தொடக்கத்தில் இப்பட்டியலின் பெயரில் 'ஆதி நிலையில் உள்ளவர்கள்' என்ற பொருள் இருந்தது. 2006-இல் அது மாற்றப்பட்டு நலிவைக் குறிக்கும் சொல் வந்தது. இகழ்ச்சி நீங்கியது நல்லதே. ஆயினும் புதிய சொல், யார் எளிதில் காயப்படுவார் என்பதைத்தான் கூறுகிறது. காயம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கூறவில்லை.

1951-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அட்டப்பாடியில் வாழ்ந்தவர்களுள் பத்தில் ஒன்பது பேர் பழங்குடியினர். பின்னர் கேரளச் சமவெளியிலிருந்தும் தமிழகத்திலிருந்தும் மக்கள் வந்து குடியேறினர். இன்று பழங்குடியினர் பாதிக்கும் குறைவு. நிலம் கைமாறியது, மரங்கள் வீழ்ந்தன, மண் கரைந்தது. கேழ்வரகும் சாமையும் தினையும் துவரையும் அவரையும் கீரையும் விளைந்த மலைச்சரிவுகள் சுருங்கின. அவற்றின் இடத்தை ரேஷன் அரிசி பிடித்துக்கொண்டது. இழப்பின் அளவை அறிய ஒரு சிறு கணக்குப் போதும்: 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து உண்டு; தீட்டிய அரிசியில் அது சுமார் 10 மில்லிகிராம். வயிறு நிறைவதும் உடல் ஊட்டம் பெறுவதும் இவ்வாறு ஒரே தட்டில் வெவ்வேறு செய்திகளாகிப் போயின.

2013-இல் அட்டப்பாடியில் பச்சிளங் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்த செய்தி நாடெங்கும் பரவியது. அந்த ஆண்டில் ஒரு வயது நிறைவதற்குள் இறக்கும் குழந்தைகளின் விகிதம் இந்தியாவில் ஆயிரத்துக்கு 40, கேரளத்தில் 12. நாட்டுக்கே முன்மாதிரியாகக் காட்டப்பட்ட ஒரு மாநிலத்தின் மடியில்தான் இது நிகழ்ந்தது. அமைச்சர்கள் மலையேறினர். குழுக்கள் வந்தன. தாய்மார் சரியாக உண்பதில்லை, கொடுத்த மாத்திரையை விழுங்குவதில்லை என்ற பழிச்சொல்லும் உடன் வந்தது.

பதிவேடுகளில் குறையில்லை

அங்கு திட்டங்களே இல்லாதிருந்தால் இந்த நிகழ்வில் தத்துவச் சிக்கல் எதுவும் இல்லை. கொடுக்காதவர் கொடுக்க வேண்டும் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். உண்மை நிலை வேறு. 1975 அக்டோபர் 2 அன்று நாட்டில் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகள் அங்கே இருந்தன. ரேஷன் கடைகள் இருந்தன. 2005-இல் வந்த ஊரகச் சுகாதார இயக்கம் இருந்தது. பழங்குடியினர் நலத்துறை இருந்தது. கோட்டத்தறையில் பழங்குடியினருக்கென்றே ஒரு மருத்துவமனை இருந்தது. கரைந்த மண்ணை மீட்பதற்காக ஜப்பானியக் கடனுதவியுடன் 1990-களில் தொடங்கிய பெருந்திட்டம் ஒன்றும் நடந்து ஓய்ந்திருந்தது. ஒரு சிறு மலைப்பகுதியில் இத்தனை கைகள் கொடுத்துக்கொண்டிருக்க, குழந்தையின் வயிறு ஏன் காலியாக இருந்தது?

ஒரு குழந்தையை மனத்தில் கொள்ளலாம். இது எந்தத் தனிக் குழந்தையையும் குறிப்பதன்று; பல குழந்தைகளின் நிலையைச் சேர்த்து நினைப்பதற்கு ஓர் உருவம் மட்டுமே. அக்குழந்தை மாதம் நிறையாமல் பிறக்கிறது. எடை 1.6 கிலோ, பிறப்பு எடை 2.5 கிலோவுக்குக் கீழ் இருந்தாலே குறைவு என்பது மருத்துவ வரையறை. சில நாட்களில் குழந்தை இறந்துவிடுகிறது. மருத்துவமனைப் பதிவேட்டில் 'குறைப்பிரசவம், எடைக்குறைவு' என்று எழுதப்படுகிறது. அதில் பொய் இல்லை. மருத்துவர் இரவெல்லாம் கண்விழித்தே சிகிச்சை அளித்தார்.

ஒரு படி பின்னே செல்வோம். கருவுற்றிருந்தபோது தாயின் ஹீமோகுளோபின் அளவு 7 கிராமுக்கும் கீழ். 11 இருந்திருக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை வழங்கப்பட்டதற்குச் சுகாதாரப் பணியாளரின் பதிவேட்டில் அடையாளம் உண்டு. வெறும் வயிற்றில் அம்மாத்திரை குமட்டும். வயிறு வெறுமையாக இருப்பதைக் கவனிப்பது மாத்திரை கொடுப்பவரின் பணி அன்று. அது அங்கன்வாடியின் பணி. அங்கன்வாடியோ சத்துணவுப் பொருளை அளந்து கொடுத்துவிட்டது. அப்பொருள் வீட்டுக்குச் சென்று அனைவருக்குமான பானையில் சேர்ந்தது. கடைசியாக உண்பவள் தாய். பானைக்குள் என்ன நடக்கிறது என்பது அங்கன்வாடியின் கணக்கில் வராது. குடும்பத்துக்குரிய அரிசியை ரேஷன் கடை நிறுத்தவில்லை. அரிசியைத் தவிர வேறெதுவும் பானையில் விழாததற்கு அந்தக் கடை என்ன செய்யும்?

இன்னொரு முடிச்சும் இருக்கிறது. அட்டப்பாடிப் பழங்குடியினரிடையே அரிவாள் செல் சோகை என்னும் பரம்பரை நோய் காணப்படுகிறது. இந்நோயில் இரத்தத்தின் சிவப்பணுக்களே அரிவாள்போல் வளைந்து, விரைவில் சிதைந்து போகின்றன. சோகை எல்லாவற்றுக்கும் இரும்புச்சத்து மாத்திரையே மருந்து என்று நினைத்தால், இந்நோயாளிக்கு உரிய கவனிப்பு கிட்டாமலே போகும். எந்தச் சோகை என்று தெரிய இரத்தத்தைச் சோதிக்க வேண்டும். சோதனைக்கூடம் இன்னொரு கை. இந்நோயை நாட்டிலிருந்தே அகற்றும் நோக்கத்துடன் ஒரு தேசிய இயக்கம் 2023 ஜூலையில்தான் தொடங்கப்பட்டது.

இன்னும் பின்னே சென்றால் அந்தத் தாய் தானே எடை குறைந்து பிறந்த பெண் என்பதும், அவள் குழந்தையாக இருந்த ஆண்டுகளில்தான் அவள் வீட்டுச் சரிவில் கேழ்வரகு விதைப்பது நின்றுபோயிற்று என்பதும் தெரியவரும். விதைப்பு நின்றதற்குக் காரணம் நிலம் கைமாறியதாக இருக்கலாம், காட்டுப்பன்றியும் யானையும் விளைச்சலை அழித்ததாக இருக்கலாம். அவை வருவாய்த்துறைக்கும் வனத்துறைக்கும் உரியவை. அங்கே குழந்தை என்ற சொல்லே கிடையாது.

இவ்வாறு ஆறேழு பதிவேடுகளையும் ஒன்றன்பின் ஒன்றாகப் புரட்டினாலும் குற்றவாளி என்று எவரையும் சுட்டிக்காட்ட முடியாது. அப்படியிருந்தும் ஒரு குழந்தை இல்லாமல் போயிற்று.

தேரின் உறுப்புகள்

பௌத்த நூலான 'மிலிந்த பன்ஹா'வில் நாகசேனர் மிலிந்த மன்னனிடம் தேரைக் காட்டிக் கேட்கும் கேள்வி தத்துவம் பயின்றோர் அனைவரும் அறிந்தது. சக்கரம் தேரா, அச்சு தேரா, நுகம் தேரா என்று ஒவ்வோர் உறுப்பாகக் கேட்டு, எதுவும் தேர் அன்று என்று மன்னனையே ஒப்புக்கொள்ள வைக்கிறார். அவர் அங்கே நிறுவ விரும்பியது தனிமனிதனுக்குள் நிலையான 'தான்' என்று ஒன்றில்லை என்பதை. ஆனால் அந்த உவமையை மறுபக்கத்திலிருந்தும் பார்க்கலாம். உறுப்புகள் அனைத்தும் பழுதின்றிக் களத்தில் கிடந்தாலும், அவை இணையாதவரை, ஏறி அமர்வதற்கு அங்கே தேர் இல்லை. சக்கரம் செய்தவர் தம் சக்கரத்தைத் தட்டிக் காட்டி, 'குறை எங்கே?' என்று கேட்கலாம். அவர் கேள்வி நியாயமானதே. நடந்து செல்ல வேண்டியவனுக்கு அந்த நியாயத்தால் பயன் ஒன்றும் இல்லை.

இங்கே கடமை என்ற சொல்லுக்குள் இரண்டு பொருள்கள் கலந்திருப்பது புலப்படும். ஒன்று, செயலைச் செய்து முடித்தல். மற்றொன்று, அச்செயல் யாருக்காகவோ அவருக்கு ஈடுகொடுத்தல். மாத்திரையைக் கொடுத்தல் முதல் வகை; அந்தப் பெண்ணின் இரத்தம் ஊறுதல் இரண்டாம் வகை. முதலாவதைப் பகுத்துப் பலருக்குப் பிரித்துக் கொடுக்க முடியும். கொடுத்தே ஆக வேண்டும். இரண்டாவதைப் பகுக்க முடியாது, ஏனெனில் அவளைப் பகுக்க முடியாது. அலுவலகம் தன் வசதிக்காக அவளைக் கர்ப்பிணி என்றும், குடும்ப அட்டைதாரர் என்றும், பழங்குடியினர் என்றும், சோகை நோயாளி என்றும் நான்காகப் பிரித்து நான்கு மேசைகளில் வைத்துக்கொள்கிறது. அவள் நான்கு பேராக வீடு திரும்புவதில்லை.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. எல்லாவற்றுக்கும் எல்லாரும் பொறுப்பு என்று சொல்லிவிட்டால், முடிவில் எவரும் எதற்கும் பொறுப்பில்லை என்றாகிவிடும். மேலும், கிராமச் செவிலியர் யானையையும் விரட்ட வேண்டும், நிலப் பட்டாவையும் மீட்க வேண்டும் என்றால் அவர் ஒரு வாரத்தில் ஓய்ந்து விழுவார். ஊசி போடும் வேலையும் கெடும். எல்லையற்ற கடமை மனிதனை நசுக்கும், அல்லது பாசாங்கு செய்ய வைக்கும். மற்றோர் ஆபத்தும் இருக்கிறது. குழந்தைகள் இறந்த செய்தி பரவிய பின் ஒரு வீட்டுக்கு ஏழு துறையினர் வருவார்கள். ஏழு முறை குழந்தையை எடை போடுவார்கள்; ஒரே கேள்வியை ஏழு முறை கேட்பார்கள். எட்டாவது ஆள் வரும் ஓசை கேட்டதும் அந்தத் தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டால், அவளைக் குறை சொல்வது கடினம்.

ஒருங்கிணைப்பு என்ற பெயரில் பெரும்பாலும் நடப்பது ஆய்வுக் கூட்டம். அதற்கு ஒரு தனி அதிகாரி, தனிப் படிவம், தனிப் பதிவேடு. ஏழு பதிவேடுகளை இணைக்க வந்தது எட்டாவது பதிவேடாக முடிந்த கதை இந்த நாட்டில் எந்த மாவட்டத்திற்கும் புதிதன்று.

ஆகவே மறுப்பை ஏற்றுக்கொண்டே மேலே செல்ல வேண்டும். பிறர் பணியைத் தாம் செய்வது கடமையாகாது. ஆனால் தம் பணி முடிந்த இடத்தில் அடுத்தவர் கை இருக்கிறதா என்று பார்ப்பது பிறர் பணி அன்று. அது தம் பணியின் கடைசிப் பகுதி. கொடுத்ததும் கடமை முடிவதில்லை, பெறப்பட்டதும் முடிகிறது.

புட்டியின் மேல் ஒரு சதுரம்

பொதுச் சுகாதாரத்துறையினர் இதை ஒரு பொருளின் விஷயத்தில் நன்றாகவே உணர்ந்திருக்கிறார்கள். அப்பொருள் தடுப்பு மருந்து. குழந்தைகளுக்குரிய தடுப்பு மருந்துகளில் பெரும்பாலானவற்றைத் தயாரிப்புக்கூடத்திலிருந்து மலைக்கிராமம் வரை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வைத்திருக்க வேண்டும். விமானம், குளிர்சாதன வண்டி, மாவட்டக் கிடங்கு, ஆரம்பச் சுகாதார நிலையத்தின் பெட்டி, கடைசியில் செவிலியர் தோளில் தொங்கும் சிறு பனிக்கட்டிப் பெட்டி என்று பத்துக் கைகள் மாறும். ஒன்பது கைகள் சரியாக இருந்து பத்தாவது கை வெயிலில் அரைநாள் வைத்துவிட்டால் மருந்து வெறும் நீர்.

இந்த மருந்துப் புட்டியின் மேல் சிறு அடையாளம் ஒன்று ஒட்டப்பட்டிருக்கும்: ஊதா நிற வட்டம், அதனுள் வெளிறிய சதுரம். வெப்பம் படப்பட அந்தச் சதுரம் மெல்லக் கருக்கும், மீண்டும் வெளுக்காது. சதுரம் வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் மருந்தைப் பயன்படுத்தக் கூடாது. எந்தக் கையில் எவ்வளவு வெப்பம் பட்டது என்று அது பிரித்துச் சொல்லாது. யாரையும் குற்றம் சாட்டாது. எல்லாக் கைகளின் கவனமும் கவனமின்மையும் கூடி இப்போது புட்டியின் நிலை என்ன என்பதை மட்டும் காட்டும். கடைசியில் நிற்கும் செவிலியர் தம்மிடம் வந்து சேர்ந்த புட்டியைத்தான் பார்க்கிறார். தமக்கு முன்னால் இருந்தவர்களின் பதிவேடுகளைப் பார்த்து ஊசி போடுவதில்லை.

குழந்தையின் எடை இந்தச் சதுரம் போன்றது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தையின் மேற்கையைச் சுற்றி அளக்கும் நாடா 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே சிவப்பைக் காட்டினால், அக்குழந்தை கடும் ஊட்டக்குறைவில் இருக்கிறது. அந்தச் சிவப்பில் மருத்துவமனையின் பங்கு இவ்வளவு, நிலத்தின் பங்கு இவ்வளவு என்று கோடு கிழிக்க இயலாது. மருந்துப் புட்டிக்கு இத்தனை நுட்பமாகக் கவலைப்படத் தெரிந்த அறிவு, புட்டியிலுள்ள மருந்தைப் பெறப்போகும் குழந்தையின் மேல் அதே கவலையைச் செலுத்தத் தயங்குவது வியப்பே.

2013-இன் துயரத்துக்குப் பின் அட்டப்பாடி ஊர்களில் பொதுச் சமையற்கூடங்கள் எழுந்தன. குடும்பஸ்ரீ என்னும் கேரளப் பெண்கள் அமைப்பின் வழியாக, அந்தந்த ஊர்ப் பெண்களே சமைத்தனர். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், சிறு குழந்தைகள், வளரிளம் பெண்கள், ஆதரவற்ற முதியோர் ஆகியோர் அங்கே வந்து உண்டனர். நிதி ஒழுங்காக வந்தது என்றோ அடுப்புகள் தடையின்றி எரிந்தன என்றோ சொல்வதற்கில்லை. நேற்றுவரை குதிர் நிறையத் தானியம் வைத்திருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் தட்டேந்தி நிற்பது நிறைவான தீர்வு என்று எவரும் கருத முடியாது. ஆயினும் அதில் ஒரு நுட்பம் இருந்தது. சமைத்த பெண்ணுக்கு, யார் வந்தார்கள் என்பதைவிட, இன்று யார் வரவில்லை என்பது தெரிந்தது. வராதவள் அவளுக்குச் சித்தி மகளாகவோ பக்கத்து வீட்டுக்காரியாகவோ இருப்பாள். 'ஏன் வரவில்லை?' என்று அன்றிரவே போய்க் கேட்கப் படிவம் தேவைப்படவில்லை. பொட்டலத்தை எண்ணிய துறையால் காண முடியாத வெறுமையை, தட்டை எண்ணிய பெண் கண்டாள்.

ஆட்டை யார் மேய்ப்பது?

கடும் ஊட்டக்குறைவுள்ள குழந்தைகளுக்கென்று நாட்டில் ஊட்டச்சத்து மறுவாழ்வு மையங்கள் உள்ளன. அட்டப்பாடியிலும் அவை அமைந்தன. அங்கே குழந்தையைத் தாயுடன் ஏறத்தாழ இரண்டு வாரம் தங்கவைப்பார்கள். இதில் அவசரம் கூடாது. நெடுநாள் பட்டினியால் மெலிந்த உடலுக்கு எடுத்த எடுப்பில் நிறைய உணவு கொடுத்தால் இதயமே நின்றுவிடக்கூடும். ஆகவே முதல் நாட்களில் சிறிது சிறிதாகப் பால் கலந்த கரைசல், இரண்டு மணிக்கு ஒருமுறை, இரவிலும். உடல் சற்றுத் தேறிய பிறகே அளவு கூடும். எனவே இரண்டு வாரம் என்பது சலுகை அன்று, மருந்தின் ஒரு பகுதி.

நான்காம் நாள் தாய் குழந்தையுடன் போய்விடுகிறாள். பதிவேட்டில், 'மருத்துவ ஆலோசனையை மீறி வெளியேறினார்' என்று எழுதப்படுகிறது. இந்த வாசகம் இந்தியாவின் எல்லா மருத்துவமனைகளிலும் உண்டு. இலக்கணப்படி இதில் எழுவாய் தாய், தவறும் அவளுடையது.

அவள் வீட்டில் இன்னும் இரண்டு பிள்ளைகள். தினக்கூலி நின்றுபோய் நான்கு நாட்கள். மையத்தில் தங்குவதற்கு உதவித்தொகை உண்டு, ஆனால் அது பிற்பாடு வரும். அடுப்பு இன்றைக்கு எரிய வேண்டும். வீட்டில் ஆடுகள் இருக்கின்றன. அட்டப்பாடியின் கறுப்பு ஆடு பெயர் பெற்ற இனம்; அவசரத்துக்கு விற்றுப் பணமாக்கக்கூடிய ஒரே உடைமையும் பல வீடுகளில் அதுவே. கட்டிப்போட்ட ஆடு நான்கு நாளில் மெலியும்; அவிழ்த்துவிட்டால் புலியோ செந்நாயோ கொண்டுபோகும். மையத்தில் இருக்கும் குழந்தைக்கு மருத்துவர் இருக்கிறார், செவிலியர் இருக்கிறார், சமையற்காரர் இருக்கிறார். வீட்டிலிருக்கும் ஆட்டுக்கு யார்?

இந்தக் கேள்வியைக் கேட்டுச் சிரிப்பது எளிது. அந்தத் தாயின் உள்ளத்தில் நிகழும் போராட்டமோ அறநூல்கள் பேசும் எந்தப் பெரிய போராட்டத்துக்கும் குறைந்ததன்று. ஒரு பிள்ளைக்குத் தான் ஆற்ற வேண்டிய கடமையும் மற்ற இரு பிள்ளைகளுக்கு ஆற்ற வேண்டிய கடமையும் எதிரெதிர் நிற்கின்றன. துறைகள் தமக்குள் பிரித்துக்கொண்ட எல்லாவற்றையும் இணைக்கும் வேலை கடைசியில் அவள் தலையில் வந்து விழுகிறது. ஒருங்கிணைப்பாளர் என்ற பதவிக்கு ஊதியமின்றி நியமிக்கப்பட்டவள் அவளே.

அவளை வற்புறுத்தித் தங்கவைக்கலாமா? குழந்தையின் உயிர் என்று வரும்போது வற்புறுத்தலும் அறமே என்று வாதிடுவோர் உண்டு. சில இக்கட்டான இரவுகளில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் வற்புறுத்திக் காப்பாற்றிய குழந்தைக்குப் பின், அந்த ஊரில் அடுத்து மெலியும் குழந்தையை எவரும் வெளியே காட்ட மாட்டார்கள். செவிலியர் பேசும் மலையாளம் அந்தத் தாயின் வீட்டுமொழி அன்று என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். அவளுடைய மொழியில் பேசத் தெரிந்த, அவள் ஊரைச் சேர்ந்த ஒரு பெண், 'உன் ஆட்டை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ பிள்ளையோடு இரு' என்று சொன்னால் பத்தில் எட்டுத் தாய்மார் தங்கிவிடுவார்கள் என்பதை அறிய ஆய்வு தேவையில்லை. அந்த ஒரு வாக்கியம் மருத்துவமா, கால்நடைப் பராமரிப்பா, சமூகநலமா என்று எந்தத் துறையும் தீர்ப்புக் கூற முடியாது.

நான்கு பொறுப்புகள்

அட்டப்பாடி ஊர்களின் பழைய அமைப்பைப் பார்த்தால் ஒரு செய்தி வியப்பைத் தரும். அங்கும் கடமைகள் பிரிக்கப்பட்டே இருந்தன. ஊருக்குத் தலைவர் மூப்பன். பொதுச் சேமிப்புக்குப் பொறுப்பு பண்டாரி. மூப்பனுக்குத் துணையாகச் செய்திகளைக் கொண்டுசெல்பவர் குறுதலை. மண்ணையும் விதைப்பையும் அறிந்து வேளாண்மையைத் தொடங்கிவைப்பவர் மண்ணுக்காரன். ஒருவர் பணியை மற்றவர் செய்வதில்லை. ஆகவே பகுத்துச் செய்வதே தவறு என்ற முடிவுக்கு வருவது சரியன்று. பிளேட்டோ இந்த ஊரைக் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

ஆனால் இந்த நால்வரும் ஒரே சரிவில் விளைந்ததை உண்டவர்கள். மண்ணுக்காரன் விதைக்கும் நாளைத் தவறாகக் குறித்தால் பசிக்கும் பிள்ளைகளுள் பண்டாரியின் பிள்ளையும் ஒன்று. எல்லைகள் இருந்தன, அவற்றுக்கு இடையே எவரும் கண்ணில் படாமல் விழக்கூடிய தூரம் இருக்கவில்லை. அவர்கள் வயலும் அவ்வாறே. கேழ்வரகும் துவரையும் அவரையும் கீரையும் ஒரே நிலத்தில் கலந்து விதைக்கப்பட்டன. ஒன்று ஒரு மாதத்திலும் மற்றொன்று வேறு மாதத்திலும் விளைந்தன. தானியமும் பருப்பும் கீரையும் குழந்தையின் தட்டில் ஒன்றுசேர எந்தக் கூட்டமும் கூட்டப்படவில்லை. நிலமே அவற்றைச் சேர்த்து வைத்திருந்தது. அந்தப் பழமையை அழகுபடுத்திச் சொல்வதும் தவறாகும். அன்றும் குழந்தைகள் காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் மாண்டார்கள். தடுப்பூசி அன்று இல்லை. இன்று வேண்டியிருப்பது மருத்துவமனையும் தான், அந்த வயலும் தான்.

2017 முதல் சிறுதானியக் கிராமத் திட்டத்தின் வழியே சில ஊர்களில் கேழ்வரகும் சாமையும் மீண்டும் விதைக்கப்பட்டன. அட்டப்பாடியின் துவரைக்கும், ஆட்டுக்கொம்பு அவரைக்கும் 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த அவரை நகரத்துக் கடைகளில் நல்ல விலைக்கு விற்றுப்போய், விளைவித்த வீட்டுக் குழந்தையின் தட்டுக்கு எட்டாமல் போகுமானால், வேளாண்துறையின் வெற்றியும் சுகாதாரத்துறையின் தோல்வியும் ஒரே செடியில் காய்த்ததாகிவிடும்.

2023 நவம்பர் 15 அன்று, நாட்டின் 75 நலிந்த பழங்குடிச் சமூகங்களுக்கென மத்திய அரசு ஒரு பெருந்திட்டத்தை அறிமுகப்படுத்தியது. அதற்கென ஒதுக்கப்பட்டது 24,104 கோடி ரூபாய். வீடு, சாலை, குடிநீர், அங்கன்வாடி, நடமாடும் மருத்துவ வண்டி, தொலைபேசி இணைப்பு எனப் பதினொரு பணிகள்; அவற்றைச் செய்ய ஒன்பது அமைச்சகங்கள். தனித்தனியே செய்ததால் நேர்ந்த குறையை அரசே உணர்ந்து எடுத்த முயற்சி இது என்பதில் ஐயமில்லை. அந்த ஒன்பது அமைச்சகங்களின் வண்டிகளும் ஒரு குறும்பர் ஊரின் ஒற்றையடிப் பாதை தொடங்கும் இடம்வரை வந்து சேரட்டும். உள்ளே ஒரு தாய் மெலிந்த குழந்தையை இடுப்பில் ஏந்தி, மையத்துக்குப் புறப்படலாமா வேண்டாமா என்று தன் ஆடுகளைப் பார்த்தபடி நிற்கிறாள். 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்லப்போகும் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஒன்பதில் எந்தப் பதிவேட்டில் இடம் இருக்கிறது?